பொக்லைனில் எஞ்சின் சென்சார் எரர்: வாங்கி மாட்டும் முன் அளந்து பார்க்கும் முறை

சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டுப் பக்கம் கண்மாயும் ஊருணியும் வறண்டு கிடக்கும்போதுதான் பொக்லைனுக்கு ஓய்வே இருக்காது. வண்டல் அள்ளுவது, வரத்துக்கால் தூர்வாருவது, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, கிராவல் ஏற்றுவது என்று வேலை வரிசையில் நிற்கும். அந்த நேரம் பார்த்து மானிட்டரில் விளக்கு எரியும். ரேஸ் ஏறாது, பக்கெட் மண்ணில் இறங்கியதும் எஞ்சின் திணறும். ஆபரேட்டர் முதலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, சென்சார் போயிருச்சு, மதுரையிலருந்து வாங்கியாரணும்" என்பார். புது சென்சார் வந்து மாட்டிய பிறகும் அதே எரர் அப்படியே நிற்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

காரணம் இதுதான். எரர் கோடு, அதாவது மானிட்டரில் வரும் கோளாறு எண், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை, எந்தச் சுற்றில் கணக்கு இடிக்கிறது என்றுதான் சொல்கிறது. அந்தச் சுற்றில் சென்சாரோடு வயர், சாக்கெட் பின், எர்த்து, 5 வோல்ட் சப்ளை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் எல்லாமே இருக்கின்றன. சில நேரம் சென்சார் உண்மையைத்தான் சொல்லும், கோளாறு எஞ்சினிலேயே இருக்கும். இவற்றைப் பிரித்தறிய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் போதும். காமன் ரெயில் எஞ்சினும் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) 24 வோல்ட் பேட்டரியும் உள்ள 20 டன் வகை செயின் மெஷினை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுவே சரி.

கை வைக்கும் முன்

மெஷினைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, லாக் லீவரைப் போடுங்கள். கரைச் சரிவில் வைத்து எஞ்சின் கதவைத் திறக்காதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது டீசல் ரெயில் பைப்பின் நட்டைத் தளர்த்தவே கூடாது. பழைய பம்ப் எஞ்சினில் ஓடவிட்டுத் தளர்த்திக் காற்றெடுத்த பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஐட்லிங்கிலேயே ரெயிலில் 300 பாருக்கு மேல் இருக்கும், முழு லோடில் பல எஞ்சின்களில் 1,600 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் இழையாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கசிவு தேடக் கையால் தடவாதீர்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கப் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள்.

இன்னொன்று. பல்பு வைத்த டெஸ்டரை சென்சார் வயரில் குத்தாதீர்கள். அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட்டைத் தாங்கும்படி கம்ப்யூட்டரின் சிக்னல் பின்கள் செய்யப்படவில்லை. மீட்டர் மட்டும்தான்.

முதல் வேலை: எரர் கோடை எழுதிக்கொள்வது

பலர் முதலில் கோடை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் சாட்சி போய்விடும். மானிட்டரில் உள்ள எல்லாக் கோடுகளையும் போட்டோ எடுங்கள். இப்போது நிற்பது எது, பழையதாகச் சேமிப்பில் இருப்பது எது, எத்தனை முறை வந்தது, எந்த மணி மீட்டரில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆபரேட்டரிடம் பேசுங்கள். மீட்டர் காட்டாததை அவர் சொல்வார்.

"தம்பி, எப்ப வந்துச்சு இது?"

"காலைல நல்லாத்தான்ணே ஓடுச்சு. மத்தியானம் சாப்பிட நிப்பாட்டுனேன். அதுக்கப்புறம் செல்ப் சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் கழிச்சு அதுவா பிடிச்சிருச்சு."

சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் பிடிக்கிறது என்ற இந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். எஞ்சின் சுழற்சியைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகிக்கலாம். அதேபோல, முந்தின நாள் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைத்தார்களா, பிரஷர் பம்பில் எஞ்சினைக் கழுவினார்களா, புது பேரல் டீசல் ஊற்றினார்களா, மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியா என்று கேளுங்கள். நின்ற வண்டியில் எலி குடியிருக்கும். அது கடித்த வயர் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

கோடு இரண்டு பகுதி

பெரும்பாலான எஞ்சின்களில் கோடு இரண்டு எண்ணாக வரும். எஸ்.பி.என். எந்தச் சுற்று என்பது, எஃப்.எம்.ஐ. என்ன விதமான கோளாறு என்பது. 110 கூலன்ட் வெப்பம், 100 ஆயில் பிரஷர், 102 டர்போ பூஸ்ட் பிரஷர் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்), 105 உள்ளே போகும் காற்றின் வெப்பம், 157 ரெயில் பிரஷர், 190 எஞ்சின் வேகம், 97 டீசலில் தண்ணீர். சில கம்பெனிகள் தங்கள் சொந்த எண்ணைக் காட்டும். கோமாட்சு மானிட்டரில் சிஏ144 என்று வந்தால் கூலன்ட் வெப்ப சென்சார் சுற்றில் வோல்டேஜ் மிகுதி, சிஏ145 என்றால் குறைவு.

எல்லோரும் முதல் எண்ணைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். வழிகாட்டுவது இரண்டாவது எண்தான். எஃப்.எம்.ஐ. 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது சுற்று அறுந்திருக்கிறது, 6 என்றால் கரண்ட் மிகுதி அல்லது பாடியில் ஒட்டுகிறது. இந்த நான்கும் கரண்ட் கோளாறு, மீட்டரை எடுங்கள். 2 வந்தால் ரீடிங் தாறுமாறாகத் துள்ளுகிறது என்று பொருள், பெரும்பாலும் லூஸ் பின். 0, 1, 15 முதல் 18 வரை வந்தால் சுற்று ஒழுங்காக இருக்கிறது, சென்சார் ஒரு செய்தி சொல்கிறது. 110-உடன் 0 வந்தால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரைப் பாருங்கள், சென்சார் கடையைத் தேடாதீர்கள்.

பேட்டரியும் எர்த்தும்

சென்சாரைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ப் சுற்றும்போது 18-க்குக் கீழ் விழுந்தால் கம்ப்யூட்டரே தடுமாறி, சம்பந்தமில்லாத கோடுகளை எழுதும். ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை நிற்க வேண்டும்.

எர்த்தை ஓம் அளவில் பார்த்துப் பயனில்லை. ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டிவிடும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போகத் தேய்த்து இறுக்குங்கள். கொத்தாக நாலைந்து கோடு வந்த வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

காலையில் சாவி போட்டு ஒரு பார்வை

கருவி எதுவும் வேண்டாத சோதனை இது, ஆனால் செய்பவர்கள் குறைவு. இரவெல்லாம் நின்ற வண்டியில் விடிகாலை சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் மானிட்டரின் சர்வீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கூலன்ட், உள்காற்று, டீசல் மூன்றின் வெப்பமும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் 60 காட்டினால் அதுதான் பொய் சொல்கிறது. சரியாக மைனஸ் 40 காட்டினால், வெப்ப சென்சார் சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். ஆயில் பிரஷரும் ரெயில் பிரஷரும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பூஸ்ட் சென்சார் முழுக் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வகையானால், நம் சமவெளியில் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும். நின்ற எஞ்சினில் 150 காட்டினால் சென்சாரோ சுற்றோ சரியில்லை.

சாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள்

சாவியை ஆஃப் செய்து, கோடு வந்த சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். லாக்கை அமுக்கி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே செம்மண் தூள், ஈரம், எண்ணெய், பச்சை பூத்த பின், பின்னால் தள்ளிப்போன பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூப்பது வெறும் துரு இல்லை. ஈரம் இருக்கும் இடத்தில் வோல்டேஜும் இருந்தால் மின்வேதியியல் தொடங்கிவிடும், பாசிட்டிவ் பக்கத்துப் பின் கரைந்துகொண்டே போகும். அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராயும் உலோக அரிப்புதான், சின்ன அளவில் உங்கள் சாக்கெட்டுக்குள் நடக்கிறது.

காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். பெட்ரோலோ டீசலோ வேண்டாம், ரப்பர் சீல் ஊதிப்போகும். பெண் பின் (துளை உள்ள பின்) விரிந்து தளர்ந்திருந்தால் சுத்தம் செய்து பலனில்லை, பின்னை மாற்ற வேண்டும்.

அடுத்து வயரிங் கிட் (எல்லா வயரும் சேர்ந்த கட்டு) போகும் பாதை. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டர்போவுக்குக் கீழே, கிளாம்ப் கழன்று தொங்கும் இடம், எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குப் போகும் ஓட்டை, வயர் உரசும் இந்த நான்கு இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கருவேலம் பிடுங்கிய வண்டியானால் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஏறிய முள்ளுக் குச்சி வயர்மேல் இருக்கும் நெளிகுழாயைக் கிழித்து, அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக வயரை அறுக்கும். மேலே சிறு கீறல்தான் தெரியும், குழாயை விலக்கினால் செம்பு மின்னும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் மானிட்டரைப் பார்க்க இன்னொருவர் கிட்டை அங்கங்கே மெதுவாக ஆட்டட்டும். ரீடிங் துள்ளும் இடத்தில்தான் கோளாறு. விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் கவனம்.

5 வோல்ட் கணக்கு

பிரஷர் சென்சார்களில் மூன்று வயர் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த்து, சிக்னல். சாக்கெட்டைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கிட் பக்கத்தில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். இருந்தால், சாக்கெட்டை மாட்டி, பின்பக்கமாகக் குண்டூசியை நுழைத்து சிக்னலை அளக்கலாம். வயரின் தோலைக் குத்தாதீர்கள், அந்தத் துளையில் அடுத்த மழையில் நீர் இறங்கும். ஆயில் பிரஷர், ரெயில் பிரஷர் சென்சார்கள் அழுத்தமே இல்லாதபோது 0.5 வோல்ட் பக்கம் காட்டும், முழு அழுத்தத்தில் 4.5-ஐ நெருங்கும். பூஸ்ட் சென்சார் மட்டும் காற்றழுத்தத்தையும் சேர்த்தே காட்டுவதால் நின்றபடியே ஒரு வோல்ட் அளவு காட்டலாம்.

சப்ளையே 2 வோல்ட்தான் இருக்கிறது என்றால் அந்த சென்சாரை விட்டுவிடுங்கள். ஒரே 5 வோல்ட் லைன் பல சென்சார்களுக்குப் பிரிந்து போகும். அவற்றில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் லைன் முழுதும் சரிந்து, நல்ல சென்சார்களுக்கும் சேர்த்துக் கோடு வரும். ஆயில் பிரஷர், பூஸ்ட், ரெயில் பிரஷர் மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது. மூன்று கோடு சேர்ந்து வந்தால் மூன்று சென்சார் வாங்காதீர்கள். மீட்டரை 5 வோல்ட்டில் வைத்தபடியே அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் சப்ளை வயர் எங்கோ பாடியில் ஒட்டுகிறது. மேலே சொன்ன உரசும் இடங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

இந்த ஒரு சோதனை மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு மீட்டர் விலை ஒன்றுமே இல்லை.

ஒவ்வொரு சென்சாராக

வெப்ப சென்சாரில் இரண்டே வயர். சூடு ஏற ஏற ஓம் குறையும். பாஷ் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். வேறு கம்பெனி சென்சாரில் எண் நிறைய மாறும், குறையும் திசை மாறாது. சந்தேகம் வந்தால், எஞ்சின் ஆறியபின் கழற்றி, டீக்கடை பாய்லர் வெந்நீரில் முனையை மட்டும் முக்கி மீட்டரைப் பாருங்கள். நீர் ஆற ஆற எண் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சார் போய்விட்டது.

கழற்றாமலே பார்க்கவும் வழி உண்டு. எஃப்.எம்.ஐ. 4 நிற்கும்போது சாக்கெட்டைக் கழற்றுங்கள். கோடு 3 ஆக மாறினால் வயரும் கம்ப்யூட்டரும் நல்ல நிலை, சென்சாருக்குள் ஷார்ட். 3 நிற்கிறது என்றால் சாக்கெட்டைக் கழற்றி, கிட் பக்கத்து இரண்டு பின்னையும் சிறு வயரால் சேருங்கள். 4 ஆக மாறினால் வயர் நல்லது, சென்சார் அறுந்திருக்கிறது. மாறாவிட்டால் வயரைத் தேடுங்கள். இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டும்தான் இந்த வேலை. மூன்று வயர் சென்சாரில் பின்களைச் சேர்த்தால் 5 வோல்ட் லைனை நீங்களே ஷார்ட் செய்ததாகிவிடும்.

கூலன்ட் சூடு உண்மையா என்று அறிய, தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டருகே இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டுங்கள். மானிட்டரோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் சென்சார் உண்மையே சொல்கிறது. கத்திரி வெயிலில், செம்மண் புழுதியும் சருகும் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்து நிற்பதுதான் இங்கே வழக்கமான காரணம். ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே சுத்தமாக இருந்தாலும் அந்த இடுக்கில் கம்பளமாகப் படிந்திருக்கும். காற்று வரும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளையாத அளவுக்குக் காற்றடிக்க வேண்டும்.

ஆயில் பிரஷர் குறைவு என்று வந்தால் எஞ்சினை அந்த இடத்திலேயே அணையுங்கள். அளவுக்கம்பியைப் பாருங்கள். பிறகு சென்சார் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளக்கும்வரை சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். பஸர் சத்தம் பொறுக்காமல் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எஞ்சினையே பணயம் வைப்பது. பேரிங் பிடித்தால் வரும் செலவில் எத்தனையோ கேஜ் வாங்கலாம்.

ரெயில் பிரஷர் கோடு எஃப்.எம்.ஐ. 1 அல்லது 18 உடன் வந்தால் அழுத்தம் நிஜமாகவே ஏறவில்லை. வேலை நடக்கும் இடத்தில் பேரலிலிருந்து கைப்பம்பில் டீசல் ஏற்றும் நம் வழக்கத்தில் தூசியும் தண்ணீரும் சேர்ந்தே ஏறும். வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். பில்டரை மாற்றுங்கள், டேங்கிலிருந்து வரும் ஓஸில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் பம்ப், இன்ஜெக்டர் பேச்சு.

பூஸ்ட் குறைவு என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை உள்ள ரப்பர் ஓஸ், கிளாம்ப்களைப் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய்ப் படிவோடு தூசி ஒட்டியிருக்கும்.

கிராங்க் சென்சாருக்கு முதல் சோதனை மானிட்டரில். செல்ப் சுற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றால் சிக்னல் வரவில்லை. இரண்டு வயர் காந்தச் சுருள் வகையானால், சூட்டில் ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்திலேயே ஓம் அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் நல்லதாகவே காட்டி ஏமாற்றும். சூட்டில் முடிவில்லா ஓம், ஆறியதும் ஆயிரத்தை ஒட்டி ஓம் என்றால் உள்ளே சுருள் விரிசல், மாற்றிவிடுங்கள். மூன்று வயர் ஹால் வகையில் ஓம் அளப்பதில் அர்த்தமில்லை, சப்ளையையும் சிக்னலையும்தான் பார்க்க வேண்டும். கழற்றும்போது முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்து மாட்டுங்கள், அது எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள்.

ரேஸ் டயலில் தூசி புகுந்து தேய்வது சாதாரணம். மெதுவாகத் திருப்பிக்கொண்டே சிக்னலைப் பாருங்கள், வோல்டேஜ் தடங்கலின்றி ஏற வேண்டும்.

எந்த சென்சாரின் பெயரும் இல்லாமல் தொடர்பு அறுந்தது என்று மட்டும் கோடு வந்தால், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனைப் பாருங்கள். பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்து, முறுக்கிய இரண்டு வயருக்கும் நடுவே 60 ஓம் இருக்க வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன.

வெல்டிங் பற்றி

கண்மாய்க்குள்ளேயே ஜெனரேட்டர் வைத்து பக்கெட் பல்லுக்கு வெல்டிங் போடுவது இங்கே தினசரி காட்சி. எர்த் கிளாம்பை வசதியாகச் செயினில் மாட்டிவிட்டு பக்கெட்டில் வைத்தால், கரண்ட் பூம், சுவிங் பேரிங் வழியாக மெஷின் முழுக்கச் சுற்றி வருகிறது. பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்யுங்கள், கம்ப்யூட்டர் சாக்கெட்டைக் கழற்றுங்கள், கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான இரும்பில் பிடியுங்கள். முடிந்தால் பக்கெட்டைக் கழற்றி வைத்து வெல்டிங் போடுங்கள்.

மாற்றிய பிறகு

சென்சார்தான் கெட்டது என்று அளவு சொன்னால், பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். ஒரே மரையில் ஏறும் இரண்டு சென்சார் வேறு வேறு அழுத்த அளவுக்கு இருக்கலாம், மாற்றி மாட்டினால் கோடு வராமலே ரீடிங் தப்பாகும். சீல் வாஷரைப் புதிதாகப் போட்டு, புத்தகம் சொல்லும் இறுக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பாடி வழியாக எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சாருக்கு டெஃப்ளான் டேப் சுற்றக் கூடாது.

அறுந்த வயரை முறுக்கி டேப் ஒட்டுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் ஏற்றி, கிளாம்பில் கட்டுங்கள். கேன் வயரானால் பழையபடி முறுக்கியே விடுங்கள்.

இப்போது கோடை அழியுங்கள். ஐட்லிங்கில் விளக்கு எரியவில்லை என்று வண்டியை ஒப்படைத்துவிடாதீர்கள். கூலன்ட் 80 டிகிரி தாண்டும்வரை ஓடவிட்டு, முழு ரேஸில் பக்கெட் நிறைய மண் அள்ளிச் சுழற்றி, அரை மணி நேரம் வேலை வாங்குங்கள். அணைத்து, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்து, கோடு பக்கத்தைத் திறந்து பாருங்கள். சப்ளை, எர்த்து, சிக்னல், வயர் எல்லாம் சரி, சென்சாரும் புதிது, ஆனாலும் கோடு நிற்கிறது என்றால்தான் கம்ப்யூட்டர்மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போது நீங்கள் அளந்த எண்களை எழுதிய தாளோடு கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.